படவிழாவில் பார்த்தவை: பார்வையாளரின் கண்ணும் குறிப்பேடும்

(அரக்கோணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திரைப்பட விழாவில் ஒரு படம் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் திரையிடப்படுகிறது. மிஞ்சிப்போனால் இரண்டு முறை. அதன் பிறகு அந்த ஊர்த் திரையரங்கு எதிலும் அது வெளியாவதில்லை. சில படங்கள் ஓரிரு ஆண்டுகள் கழித்து இணையத்துக்கு வந்து சேர்கின்றன. பல படங்கள் வருவதே இல்லை. அன்று அரங்கில் அமர்ந்திருந்த சில நூறு பேரின் நினைவில்தான் அந்தப் படம் அந்த ஊரில் தங்குகிறது. அவர்கள் எதைக் கவனித்தார்கள், வெளியே வந்து எப்படிச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே மற்றவர்களுக்கு அது போய்ச் சேர்கிறது. இந்திய சினிமாவைப் படவிழாக்கள் மாற்றியதும் இந்த வழியில்தான். விழாக்களில் கொடுக்கப்பட்ட விருதுகளைவிட, பார்த்தவர்கள் மனத்தில் கொண்டுபோனவை அதிகம் சாதித்திருக்கின்றன. அந்த மனப்பதிவு எப்படி உண்டாகிறது, எங்கே தடுமாறுகிறது, எப்படி எழுதினால் பிறருக்குப் பயன்படும் என்பதே இந்த உரையின் பொருள்.

விழா என்னும் ஏற்பாடு

உலகின் மிகப் பழைய திரைப்பட விழா 1932-இல் வெனிஸ் நகரில் தொடங்கியது. கான் விழா 1939 செப்டம்பரில் தொடங்குவதாக இருந்தது. போர் மூண்டதால் நின்றுபோய் 1946-இல் நடந்தது. அந்த முதல் கான் விழாவிலேயே சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘நீச்சா நகர்’ என்ற இந்திப் படம் உயரிய பரிசைப் பெற்ற படங்களுள் ஒன்றாக இருந்தது. பெர்லின் விழா 1951-இல் தொடங்கியது.

எல்லா விழாக்களுக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். தொடக்கப் படம், நிறைவுப் படம், போட்டிப் பிரிவு, உலக சினிமா, ஒரு நாட்டின் படங்களுக்கான தனிப் பிரிவு, ஒரு இயக்குநரின் பழைய படங்களை வரிசையாகக் காட்டும் பிரிவு என்று நிகழ்ச்சி நிரல் பிரிந்திருக்கும். இந்தியாவில் பொதுத் திரையரங்கில் படம் ஓட வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாவுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதனால்தான் பெயர் பதிவு செய்து டெலிகேட் பாஸ் பெற்றவர்களுக்கு மட்டுமே படம் காட்டப்படுகிறது.

தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு இந்த ஏற்பாட்டில் புதிதாகப் படுபவை சில உண்டு. இடைவேளை கிடையாது. படம் தொடங்கிவிட்டால் ஒன்றரை மணி நேரமோ மூன்று மணி நேரமோ ஒரே மூச்சில் ஓடும். பாட்டு வரும், சண்டை வரும் என்று எதிர்பார்த்து மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வழியில்லை. திரையில் இருப்பவர் நாயகனா, வழியில் வந்துபோகும் ஒருவரா என்பதைக்கூட முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. நட்சத்திரத்தைத் தெரிந்துகொண்டு படம் பார்த்துப் பழகிய கண், விழாவில் மனிதரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிறது. படவிழா தரும் முதல் பயிற்சி இதுவே.

1952: ஆசியாவின் முதல் விழா

இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கியது. ஆசியாவிலேயே இத்தகைய விழா அதுதான் முதல் முறை. பிரதமர் நேருவின் ஆதரவோடு, மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் அதை நடத்தியது. பம்பாயோடு நின்றுவிடாமல் சென்னை, டெல்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் விழா சென்றது. 23 நாடுகள் கலந்துகொண்டன. 40 முழுநீளப் படங்களும் ஏறத்தாழ நூறு குறும்படங்களும் காட்டப்பட்டன. அமெரிக்கக் குழுவில் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா வந்திருந்தார்.

இந்தியாவின் சார்பில் நான்கு படங்கள் இடம்பெற்றன: இந்தியில் ‘ஆவாரா’, மராத்தியில் ‘அமர் பூபாளி’, வங்காளத்தில் ‘பாப்லா’, தெலுங்கில் ‘பாதாள பைரவி’. கே.வி. ரெட்டி இயக்கிய ‘பாதாள பைரவி’ சென்னை வாஹினி ஸ்டூடியோவில் உருவானது, தமிழிலும் வெளியானது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் அரக்கோணம், திருத்தணி வட்டாரத்துக்கு இது அந்நியமான செய்தி அன்று. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஒரே கதையை இரண்டு மொழியிலும் கேட்டு வளர்ந்த பார்வையாளர்கள் இந்தப் பகுதியில் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அந்த விழாவில் எல்லோர் மனத்தையும் பிடித்துக்கொண்டவை இத்தாலியிலிருந்து வந்த படங்கள். ரொசெல்லினியின் ‘ரோம் திறந்த நகரம்’, டி சிக்காவின் ‘மிலானில் ஓர் அற்புதம்’, ‘சைக்கிள் திருடர்கள்’ ஆகியவை அவற்றில் முக்கியமானவை. போரில் சிதைந்த நாட்டில், தெருவையே களமாகவும் பல இடங்களில் சாதாரண மனிதரையே நடிகராகவும் கொண்டு எடுக்கப்பட்ட படங்கள் அவை. ஸ்டூடியோ சுவர்களுக்குள் வீதியையும் காட்டையும் அரண்மனையையும் போட்டுக்கொண்டிருந்த இந்தியத் திரைத்துறையினருக்கு, வெளியே இருக்கும் உண்மைத் தெருவையே படம் பிடிக்கலாம் என்பது பெரும் திறப்பாக அமைந்தது.

பார்த்தவர்கள் செய்தது

விழாவின் விளைவு உடனே தெரிந்தது. பிமல் ராய் 1953-இல் ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். இத்தாலியப் படங்கள், அவற்றிலும் ‘சைக்கிள் திருடர்கள்’, அதற்குத் தூண்டுகோலாக இருந்தது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஜமீன்தாரிடம் அடகுபட்ட இரண்டு பீகா நிலத்தை மீட்க வேண்டி, சம்பு என்ற விவசாயி கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்‌ஷா இழுக்கிறான். மகன் அவனோடு நகரத்துக்கு வந்து ஷூ பாலிஷ் போடுகிறான். சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, கல்கத்தா வீதிகளில் உண்மையிலேயே ரிக்‌ஷா இழுத்துப் பழகினார். இப்படம் 1954 கான் விழாவில் பரிசு பெற்றது. ஒரு விழாவில் பார்த்தது, இரண்டே ஆண்டில் இன்னொரு விழாவுக்கு இந்திய மண்ணின் கதையாகப் போய்ச் சேர்ந்தது.

சத்யஜித் ராய் ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தை 1952 விழாவுக்கு முன்பே பார்த்துவிட்டார். விளம்பர நிறுவன வேலையாக 1950-இல் லண்டன் சென்றவர், அங்கிருந்த சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். அவற்றுள் ‘சைக்கிள் திருடர்கள்’ அவரை உலுக்கியது. ஊர் திரும்பும் கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’க்கான திட்டத்தை வரையத் தொடங்கினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1947-இல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர் அவர். தாம் பார்த்த இத்தாலியப் படங்களைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். படம் எடுப்பதற்கு முன் அவர் பார்வையாளராக இருந்தார். பார்த்ததை எழுதிப் பார்த்தார். பிறகுதான் கேமராவுக்குப் பின்னால் நின்றார். ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பு 1952 அக்டோபரில் தொடங்கியது. படம் 1955-இல் வெளிவந்தது. 1956 கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருதைப் பெற்றது.

கிழக்கில் நடந்தது தெற்கிலும் கொஞ்சம் எட்டியது. நாட்டுப் பிரிவினையால் வேரறுந்த மக்களைப் பற்றி 1950-இல் ‘சின்னமூல்’ என்ற வங்காளப் படத்தை எடுத்த நிமாய் கோஷ், பின்னர் சென்னைக்கு வந்து குடியேறினார். 1960-இல் அவர் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழைப் பெற்றது. 1965-இல் ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று படமாக்கினார். அதே 1965-இல் டெல்லியில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழா முதன்முறையாகப் போட்டி விழாவாக மாறியது. சத்யஜித் ராய் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘கம்பெரலிய’ தங்க மயில் விருதைப் பெற்றது. பதின்மூன்று ஆண்டுகளில் இந்தியா பார்க்கும் நாடாக இருந்து மதிப்பிடும் நாடாகவும் வளர்ந்திருந்தது.

சென்னையில் விழா

கோவாவில் 2004 முதல் நிலைபெறுவதற்கு முன், இந்திய சர்வதேசத் திரைப்பட விழா ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தது. அந்த வரிசையில் 1978-இல் ஃபிலிமோத்சவ் என்ற பெயரிலும் 1991-இலும் சென்னைக்கு வந்தது. தமிழில் 1970-களின் பிற்பாதி ‘16 வயதினிலே’, ‘அவள் அப்படித்தான்’, ‘உதிரிப்பூக்கள்’ போன்ற படங்கள் அடுத்தடுத்து வந்த காலம். கிராமத்துத் தெருவும் வீட்டுத் திண்ணையும் பேசாத முகமும் தமிழ்த் திரைக்கு வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், உலகப் படங்களைச் சென்னையிலேயே பார்க்கும் வாய்ப்பு இளைஞர்களுக்குக் கிடைத்தது.

2003-இல் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கியது. மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் அதே டிசம்பரில் பெரும்பாலும் அது நடக்கிறது. ராயப்பேட்டை உட்லண்ட்ஸ் திரையரங்கு பல ஆண்டுகள் அதன் முக்கிய அரங்குகளில் ஒன்றாக இருந்தது. உலகப் படங்களோடு தமிழ்ப் படங்களுக்கான போட்டிப் பிரிவும் அதில் உண்டு. கேரளத்தில் 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய விழா இப்போது ஆண்டுதோறும் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. பேருந்திலும் ரயிலிலும் மாணவர்களும் ஆசிரியர்களும் தொழிலாளர்களும் வந்து குவியும் விழா அது. ஒரு விழாவுக்கு ஊர் மக்களே சொந்தக்காரர்கள் ஆவது எப்படி என்பதற்குத் தென்னிந்தியாவின் சிறந்த உதாரணம். ஈழத்தில் போர் முடிந்த பிறகு, 2015-இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. நெடுங்காலம் திரையரங்கே அரிதாகிப்போன ஒரு மண்ணில் மக்கள் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்பதே ஒரு மீட்சி.

நடந்துபோகும் மூன்று படங்கள்

விழாவில் பார்த்த படங்களின் மனப்பதிவு என்ன தரத்தில் இருக்க வேண்டும் என்பதை விளக்க மூன்று படங்களை எடுத்துக்கொள்ளலாம். மூன்றிலும் ஒரு சிறுவன் நடக்கிறான். மூன்றும் மூன்று நாட்டைச் சேர்ந்தவை. மூன்றும் உலக விழாக்களில் பெயர் பெற்றவை.

முதலாவது, விட்டோரியோ டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948). வேலையில்லாத அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் விரித்திருந்த படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டி அடகுக்கடையில் வைக்கிறாள். மூட்டையை வாங்கிய ஊழியர் அதை எடுத்துக்கொண்டு உயரமான அடுக்கின் மேல் ஏறுகிறார். கேமரா அவரைப் பின்தொடர்ந்து மேலே மேலே போகிறது. அடுக்கு முழுக்க இதே போன்ற விரிப்பு மூட்டைகள். இது ஒரு குடும்பத்தின் கஷ்டமில்லை, ஊரே படுக்கை விரிப்பை அடகு வைத்திருக்கிறது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சில நொடிகளில் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. அடகுக்கடை வாசலை மிதித்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அதே படத்தில் சிறுவன் புரூனோ, அப்பாவோடு காலையில் வேலைக்குக் கிளம்புமுன், கட்டிலில் தூங்கும் கைக்குழந்தையின் மேல் வெளிச்சம் விழாதபடி ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறான். யாரும் அவனிடம் சொல்லவில்லை; கதைக்கும் இது தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பையன் எவ்வளவு பெரியவனாகிவிட்டான் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய்ப் பிடிபட்டு, கூட்டத்தின் அடியையும் அவமானத்தையும் வாங்கிக்கொண்டு நடக்கும் அப்பாவின் கையை அவன் பற்றிக்கொள்ளும்போது, அந்தக் கைக்குப் பின்னால் காலையில் ஜன்னலைச் சாத்திய கை இருக்கிறது. அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி தொழில்முறை நடிகர் அல்லர், ஆலைத் தொழிலாளி.

இரண்டாவது, ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி இயக்கிய ‘நண்பனின் வீடு எங்கே’ (1987). வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாகத் தன் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுகிறான் அகமது. மறுநாள் நோட்டில் வீட்டுப்பாடம் எழுதி வராவிட்டால் தோழனைப் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். நோட்டைத் திருப்பிக் கொடுக்க, பக்கத்து ஊருக்குக் குன்றின் மேல் வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில் அவன் ஓடுகிறான். அம்மாவும் தாத்தாவும் ஊர்ப் பெரியவர்களும் அவன் சொல்வதைக் கேட்டும் கேட்காததுபோல் நடந்துகொள்கிறார்கள். வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியவன், தோழனின் வீட்டுப்பாடத்தையும் தானே எழுதி முடிக்கிறான். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் அந்த நோட்டைத் திறக்கும்போது, வழியில் ஒரு முதியவர் கொடுத்த சிறு பூ தாள்களுக்கிடையே தெரிகிறது. படத்தில் வில்லன் இல்லை, விபத்து இல்லை. ஆனாலும் பிள்ளைகளின் அவசரத்தைப் பெரியவர்கள் எப்படிக் காதில் வாங்குவதில்லை என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன படம் அரிது. 1989 லொக்கார்னோ விழாவில் பரிசு பெற்ற இப்படத்தின் வழியாகவே ஈரானியப் படங்களின் மீது உலகின் கவனம் பரவலாகத் திரும்பியது.

மூன்றாவது, பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’. 2021 ராட்டர்டாம் விழாவில் டைகர் விருதைப் பெற்ற தமிழ்ப் படம். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இதுவே. மதுரை மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பகுதியின் வறண்ட நிலத்தில் நடக்கும் கதை. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, குடிகாரக் கணவன் கணபதி பள்ளியிலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும் வழியில் பேருந்துக் காசு இல்லாமல் போகிறது. இருவரும் வெயிலில் நடந்தே வருகிறார்கள். தகப்பன் முன்னால், மகன் பின்னால். சிறுவன் கையில் கிடைத்த கண்ணாடித் துண்டால் சூரிய ஒளியைத் தகப்பனின் முதுகில் பாய்ச்சுகிறான். கோபத்தைக் காட்ட அவனுக்கு அந்த நேரத்தில் வேறு ஆயுதம் இல்லை. தாகம் தெரியாமலிருக்க ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை அவன் வைக்கும் இடத்தில் ஏற்கெனவே பல கற்கள் சேர்ந்து கிடக்கின்றன. இந்த நடை முதல் முறை நடந்ததன்று என்பது அந்தக் கற்குவியலில் தெரிகிறது. இறுதியில் பெண்கள் குழியில் ஊறும் நீருக்காகக் காத்திருந்து மொண்டெடுக்கும் காட்சி அவசரமே இல்லாமல் நீள்கிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. அடகுக்கடையின் மூட்டை அடுக்கும், நோட்டுக்குள் இருக்கும் பூவும், கூழாங்கல் குவியலும் ஒரே வேலையைச் செய்கின்றன. சொல்லால் சொல்லியிருந்தால் நீண்ட வசனம் ஆகியிருக்கக்கூடியதை ஒரு பொருள் தாங்கிக்கொள்கிறது. பார்வையாளர் அந்தப் பொருளைக் கவனித்துவிட்டால் படம் கைக்கு வந்துவிடும். தவறவிட்டால் ‘ஒண்ணுமே நடக்கல’ என்ற எண்ணத்தோடுதான் எழுந்து வர வேண்டியிருக்கும்.

மனப்பதிவு தடுமாறும் இடங்கள்

விழாவில் ஒரே நாளில் நான்கு, ஐந்து படங்கள் பார்ப்பவர் பலர். இந்த வேகத்தில் மனப்பதிவு கலங்குவது இயல்பு. மூன்றாவது படத்தின் முகம் முதல் படத்தின் கதையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓசை மிகுந்த ஒரு போர்ப் படத்துக்குப் பின் அமைதியான குடும்பக் கதையைப் பார்த்தால் அது மந்தமாகத் தோன்றும். காலையில் புத்துணர்ச்சியோடு பார்த்திருந்தால் அதே படம் நெஞ்சில் நின்றிருக்கும்.

சப்டைட்டில் இன்னொரு தடை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதால், ஆங்கிலம் படிக்கச் சற்றே நேரம் எடுக்கும் பார்வையாளரின் கண் திரையின் அடிப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. முகமும் பின்புலமும் கவனத்திலிருந்து நழுவிவிடுகின்றன. முதல் பத்து நிமிடங்களில் யார் யாருக்கு என்ன உறவு என்பது பிடிபட்ட பிறகு, ஒவ்வொரு வரியையும் படித்துத் தீர்க்காமல் முகத்தைப் பார்க்கப் பழகுவதே இதற்கு வழி. தமிழில் சப்டைட்டில் போடும் வழக்கம் விழாக்களில் வளர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. உலக சினிமா ஆங்கிலம் அறிந்தவர்களின் தனிச்சொத்து ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது தடுமாற்றம் பொதுமைப்படுத்தல். ஒரு ஈரானியப் படத்தைப் பார்த்துவிட்டு ஈரான் இப்படித்தான் என்று முடிவு கட்டுவதும், ஒரு கொரியப் படத்தின் வன்முறையைக் கொரியர்களின் குணமாக எழுதுவதும் விழாக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படுகின்றன. மதுரை அருகே எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தமிழகம் முழுக்க அப்படித்தான் என்று ராட்டர்டாமில் ஒருவர் எழுதினால் தமிழர்க்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் போதும்.

நான்காவது, விருதின் ஒளி. கானில் பரிசு பெற்ற படம் என்று தெரிந்துவிட்டால், பிடிக்கவில்லை என்று சொல்லப் பார்வையாளர் தயங்குகிறார். மெதுவாக நகர்வதாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. வேகமாக நகர்வதாலேயே தாழ்ந்ததும் ஆகாது. நீண்ட காட்சி நீளமாக இருக்கக் காரணம் உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ‘கூழாங்கல்’லின் இறுதிக் காட்சிக்குக் காரணம் உண்டு: நீர் ஊறும் வேகத்தில்தான் அந்தப் பெண்களின் வாழ்க்கை நகர்கிறது, பார்வையாளரும் அந்த வேகத்தில் காத்திருந்தால்தான் அது புரியும்.

தணிக்கை இல்லாத படம் என்பதற்காகவே விழாவுக்குக் கூட்டம் கூடிய காலமும் இருந்தது. அப்படி வந்தவர்களிலும் சிலர் நல்ல படத்தில் தற்செயலாக மாட்டிக்கொண்டு நிரந்தர ரசிகரானதுண்டு. வந்த காரணம் எதுவானாலும் படத்துக்குத் தன் வேலையைச் செய்யத் தெரியும்.

குறிப்பு எழுதும் முறை

விழாவில் பார்த்தவற்றைப் பதிவு செய்ய எளிய, உறுதியான சில முறைகள் உள்ளன.

முதலில், அன்றைய படத்தை அன்றே எழுத வேண்டும். இரண்டு படங்களுக்கு இடையே கிடைக்கும் அரை மணி நேரம் இதற்குப் போதும். படத்தின் பெயர், நாடு, இயக்குநர் ஆகியவற்றை நிகழ்ச்சிக் கையேட்டில் பார்த்துச் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அயல்மொழிப் பெயர்கள் ஒரே வாரத்தில் நினைவிலிருந்து உருமாறிவிடும்.

அடுத்து, உணர்ந்ததை எழுதுமுன் கண்டதை எழுத வேண்டும். ‘மனத்தை உருக்கியது’, ‘நெஞ்சை நெகிழவைத்தது’ என்ற சொற்கள் எந்தப் படத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் படத்தைப் பற்றியும் அவை எதுவும் சொல்லவில்லை. சிறுவன் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுப் போனான் என்று எழுதினால், படத்தைப் பார்க்காதவருக்கும் அந்த வீடு தெரிகிறது. உருக்கம் தானே வந்துவிடுகிறது. ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு காட்சியையாவது தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிவைப்பது நல்ல பயிற்சி: யார் எங்கே நின்றார், கேமரா அசைந்ததா, என்ன ஓசை கேட்டது, காட்சி எந்த முகத்தில் முடிந்தது.

ஓசையைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னணி இசை ஓயாமல் ஒலிக்கும் படங்களில் வளர்ந்த காதுக்கு, இசை இல்லாத இடம் வெறுமையாகத் தோன்றும். அந்த வெறுமையில் காற்றும் காலடியும் நாய்க்குரைப்பும் கேட்கின்றன. படத்தின் நிலம் அவற்றின் வழியாகவே பார்வையாளரிடம் வருகிறது.

பிடிக்காத படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். எந்த இடத்தில் கவனம் விலகியது என்று குறித்தால், குறை படத்திலா களைப்பிலா என்பது பின்னால் படிக்கும்போது விளங்கும். இறுதியாக, படத்தைத் தன் மண்ணோடு ஒரு முறையாவது பொருத்திப் பார்க்க வேண்டும். இந்தக் கதை அரக்கோணத்தில் நடந்தால் எந்தத் தெருவில் நடக்கும், யார் இந்த அப்பா, எந்தப் பள்ளி இந்தப் பள்ளி என்று கேட்டுப் பார்க்கலாம். தம் மண்ணைப் பற்றி இப்படிக் கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவர்தான் ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார்.

தமிழில் இத்தகைய எழுத்துக்கு நல்ல மரபு உண்டு. ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘உலக சினிமா’ தொடர், பெருநகரத்துக்கு வெளியே வாழ்ந்த ஏராளமான வாசகர்களுக்கு அப்படங்களை முதன்முதலாக அறிமுகம் செய்தது. காட்சிகளை எழுத்தில் விரித்துச் சொல்லும் முறையே அதன் பலம். அவரே பின்னர் வாடகை வீடு தேடும் ஒரு குடும்பத்தைப் பற்றி ‘டு லெட்’ என்ற படத்தை இயக்கினார். அது பல நாட்டு விழாக்களுக்குச் சென்றதோடு சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. தியடோர் பாஸ்கரனின் ஆய்வு நூல்களும் ‘நிழல்’ போன்ற சிற்றிதழ்களும் தமிழ் வாசகருக்குப் படத்தைப் பார்க்கும் கண்ணைக் கற்றுக்கொடுத்தன.

ரயிலடி ஊரும் திரையும்

தென்னிந்தியாவில் சினிமா ரயில் பாதை வழியாகவே பரவியது. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் ஏசுவின் வாழ்க்கை பற்றிய படத்தையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். தமிழ் மக்கள் கண்ட முதல் உலகப் படங்களை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது பெருநகர அரங்கைவிட இப்படிப்பட்ட பயணக் கூடாரங்களே.

அரக்கோணம் அந்த ரயிலால் உருவான ஊர். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகவே சென்றது. இன்று சென்னை சென்ட்ரலிலிருந்து 69 கிலோமீட்டர் தொலைவில், காட்பாடிக்கும் ரேணிகுண்டாவுக்கும் செங்கல்பட்டுக்கும் பிரியும் சந்திப்பாக அது இருக்கிறது. சீசன் டிக்கெட்டோடு தினமும் சென்னைக்குப் போய்வருபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊரில், டிசம்பர் விழாவுக்குப் போவது ஒரு நாள் வேலைக்குப் போய்வருவதைவிடக் கடினமில்லை. கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியிருப்பதால் இரவுக் காட்சியை விட்டுவிட நேரும். அதற்கு ஈடாக, ஏறத்தாழ இரண்டு மணி நேரத் திரும்பு பயணம் குறிப்பு எழுதவும் பார்த்ததைப் பேசவும் கிடைக்கிறது.

எல்லைப்புற ஊருக்கு இன்னொரு வலிமையும் உண்டு. தெலுங்குப் படத்தையோ தமிழ்ப் படத்தையோ மொழி முழுதாகப் புரியாமலேயே பார்த்துப் பழகிய குடும்பங்கள் இங்கே பல. சொல் முழுதும் புரியாதபோதும் முகத்தையும் குரலையும் வைத்துக் கதையைத் தொடரும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. உலகப் படம் பார்ப்பதற்குத் தேவையான அடிப்படைத் திறமை அதுவே.

சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கு விழாவை ஊருக்குக் கொண்டுவருவதே வழி. 1959-இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய இந்திய ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பு, சிறு ஊர்களில் திரையிடும் இயக்கத்துக்கு முதுகெலும்பாக இருந்துவருகிறது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் பல ஊர்களில் உலகத் திரைப்பட விழாக்களை நடத்தியிருக்கிறது. பள்ளி அரங்கமோ நூலகக் கூடமோ, ஒரு புரொஜக்டரும் நல்ல ஒலிபெருக்கியும், படத்தின் உரிமையாளரிடம் பெற்ற அனுமதியும் இருந்தால் போதும். திரையிடுமுன் ஐந்து நிமிடம் தமிழில் கதைச் சூழலைச் சொல்ல வேண்டும். முடிந்தபின் அரை மணி நேரம் பார்வையாளர்களைப் பேசவிட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் எடுத்துச் சொல்வார். தனியே பார்ப்பவருக்குக் கிடைக்காத பலன் அது.

முதல் நாள் விழாவுக்கு மேலே சொன்ன மூன்று படங்களே போதுமானவை. ‘சைக்கிள் திருடர்கள்’ 89 நிமிடம், ‘நண்பனின் வீடு எங்கே’ 83 நிமிடம், ‘கூழாங்கல்’ ஏறத்தாழ 75 நிமிடம். மூன்றும் சேர்ந்து நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். காலையில் தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் பிறகு பேச நேரம் ஒதுக்கினாலும் மாலைக்குள் முடித்துவிடலாம். பள்ளி மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்க்க ஏற்றவை அவை. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காட்சியை மட்டும் எழுதித் தந்தால், அந்த ஊரின் முதல் விழா மலர் அன்றே தயாராகிவிடும்.